பதினேழாம் நம்பர் ஓகே

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஒரு கேமரா வந்திருக்கிறதாம். பெல்ட்டில் வரிசையாகப் போகிற இரும்புப் பின்களை மேலேயிருந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கில் 'ஓகே' சொல்லுமாம். அதைத் தொடங்கி வைக்கிற விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். எச்.ஆரில் இருக்கும் பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "மேடம், உங்க இன்ஸ்பெக்‌ஷன் அனுபவத்த இருநூறு வார்த்தையில எழுதித் தாங்க. பாசிட்டிவா இருக்கட்டும்." நான் 'ஓகே' என்று பதில் போட்டேன். இருநூறுக்கும் ஓகே, பாசிட்டிவுக்கும் ஓகே என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் நான் அதில் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை நம்பித்தான் முப்பத்தோரு வருஷம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் அதன் லட்சணம் எனக்குத் தெரியும். எங்கள் யூனியன் தலைவர் ஒரு தடவை 'ஓகே' சொன்னால் பார்க்கலாம் என்று அர்த்தம். 'ஓகே ஓகே' என்று இரண்டு தடவை சொன்னால் அந்தக் கோரிக்கைக்கு மாலை போட்டுவிடலாம். பிளான்ட் மேனேஜர் 'ஓகே?' என்று இழுத்தால் வாயை மூடு என்று பொருள். டெஸ்பாட்ச் குமாஸ்தா 'ஓகேவா ஓகேவா' என்று வந்து நின்றால் வெளியே லாரி நிற்கிறது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம், ஓகே' என்றால், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. ஆட்டோக்காரர் சொல்கிற ஓகே வேறு சாதி. அதைப் பற்றி எழுதினால் பாசிட்டிவாக வராது.

டீ நேரத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பெரிய வாக்குவாதமே நடக்கும். கிரைண்டிங் பாஷா பாய், அது கப்பல்காரர்கள் பாஷை என்று சத்தியம் செய்வார். ஸ்டோர்ஸ்காரர், ஏதோ ஒரு வெள்ளைக்கார ரயில்வே குமாஸ்தாவின் இனிஷியல், மூட்டைக்கு மூட்டை எழுதி எழுதி உலகமெல்லாம் பரவிவிட்டது என்பார். சண்டையில் ஒரு ஆளும் சாகவில்லை என்றால் பலகையில் பூஜ்யமும் 'கில்டு'க்கு ஒரு கே-யும் போட்டு எழுதுவார்கள், அதுதான் என்று இன்னொருவர். போன வருஷம் என் மகன் போனில் தேடிச் சொன்னான். அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்கள் சிலர் வேடிக்கைக்காக, 'ஆல் கரெக்ட்', அதாவது எல்லாம் சரி என்பதை வேண்டுமென்றே தப்புத்தப்பாக எழுதி அதைச் சுருக்கினார்களாம். அந்த விளையாட்டில் மற்றதெல்லாம் மறைந்துபோய் இது மட்டும் தேர்தல், தந்தி என்று தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டதாம். நான் சிரித்துவிட்டேன். யாரோ கேலிக்கு எழுதிய தப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் ஊரார் தப்பையெல்லாம் பிடித்திருக்கிறேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போவேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். பெண்ணை லேத்தில் நிறுத்த அவர்களுக்குத் தைரியம் வரவில்லை, இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார வைக்கிறோம் என்றார்கள். உட்காரவும் விடவில்லை, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான் வேலை. மைக்ரோமீட்டர் பிடிக்க ஆறு மாதம் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் கம்பெனி செய்தது சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பின். பைக்கில் பிரேக்கை மிதித்தால், அந்த விசை முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது அதுதான். லேத்தில் கடைந்த பின் மெத்தென்று இருக்கும். உலையில் வைத்துச் சூடேற்றி எண்ணெயில் முக்கினால்தான் கெட்டிப்படும். உலையிலிருந்து கறுப்பாக வரும், பாலிஷ் டிரம்மில் உருட்டினால் மறுபடி வெள்ளையாகிவிடும். அதனால் உலைக்குப் போகாத பின்னும் போய் வந்த பின்னும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் பெட்டியில் கட்டியிருக்கிற அட்டையில்தான். மஞ்சள் அட்டை என்றால் உலை பாக்கி. பச்சை அட்டை என்றால் எல்லாம் முடிந்தது, லாரி ஏறலாம். பச்சை அட்டையில் இன்ஸ்பெக்டரின் பித்தளை சீல் விழுந்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் அந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்து, அதன் கீழே ஆளுடைய நம்பர். என் நம்பர் பதினேழு.

எங்கள் சீஃப் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டப்பா. தும்கூர்ப் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் எல்லாரும் பேனா வைத்திருப்பார்கள், அவர் ஒரு சின்ன அரம் வைத்திருப்பார், பின் கெட்டியா மெத்தா என்று இழுத்துப் பார்க்க. அந்த அரம் குத்திக் குத்தி அவருடைய எல்லாச் சட்டையிலும் பையின் அடி ஓட்டையாக இருக்கும். அவர் வாயால் 'ஓகே' சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் யாராவது "இந்த லாட் ஓகே சார்" என்று போய் நின்றால், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "எஷ்டு ஓகே?"

கன்னடத்தில் எஷ்டு என்றால் எவ்வளவு. எவ்வளவு ஓகே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முதல் தடவை "ஃபுல் ஓகே சார்" என்று சொல்லிவிட்டேன். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி முதலிலிருந்து பார்க்கச் சொன்னார். பிறகுதான் புரிந்தது, அவருக்கு எண் வேண்டும். எத்தனை பின் எடுத்தாய், எத்தனை மில்லிமீட்டர் வந்தது, எத்தனையில் அரம் போட்டாய். "இருபது எடுத்தேன், பன்னெண்டு பாயின்ட் பூஜ்யம் ஒண்ணு, இருபதுலயும் அரம் வழுக்குது" என்றால் தலையை ஒரு பக்கம் ஆட்டுவார். அதுதான் அவருடைய ஓகே. மனுஷன் எரிச்சலைக் கிளப்புவார். பண்டிகைக்கு வாழ்த்துச் சொன்னால்கூட எஷ்டு என்று கேட்பாரோ என்று நாங்கள் பின்னால் பேசிச் சிரிப்போம்.

பண்டிகை என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருஷம் முன்னால் ஒரு ஆயுத பூஜை.

பீன்யாவில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி அதற்குப் பிறகுதான். மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சாமந்தி மாலை, வாசலில் பூசணிக்காய், ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி, ஸ்வீட் பாக்ஸ். எந்த செக்‌ஷன் சுத்தமாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. அந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்குப் பொறுப்பு நான். பரிசை விடக்கூடாது என்று ஒரு வெறி. தரையை சோப்புப் போட்டுக் கழுவினோம். பெட்டிகளையெல்லாம் துடைத்தோம். பெட்டிகளில் தொங்கிய மஞ்சள் அட்டைகள் எண்ணெய்ப் பிசுக்கும் கிழிசலுமாகப் பார்க்கவே கண்றாவியாக இருந்தன. சாமிக்கு முன்னால் இந்தக் குப்பையா என்று கத்தரிக்கோல் எடுத்து ஒவ்வொன்றாக நான்தான் வெட்டிப் போட்டேன். பூஜை முடிந்து வந்து புதிதாக எழுதிக் கட்டிக்கொள்ளலாம், எது எது உலை பாக்கி என்று எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன். அப்புறம் ரங்கோலி போட இடம் வேண்டும் என்று பெட்டிகளையெல்லாம் சுவரோரம் நகர்த்தினார்கள். எனக்குத் தெரிந்ததும் அதோடு நகர்ந்து போய்விட்டது.

எங்களிடம் இன்னொரு வழக்கம். ஆரத்தி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் ஆயுதத்தை ஒரு தடவை ஓட்ட வேண்டும். லேத்துக்காரர் ஒரு சுற்று, வெல்டர் ஒரு பொறி. இன்ஸ்பெக்டர் ஒரு பச்சை அட்டையில் ஒரு சீல். நான் அன்றைக்கு இருந்த உற்சாகத்தில், சீலுக்குக் குங்குமம் வைத்து, ஒரு கட்டு முழுவதும், இருபத்தைந்து அட்டையில் டமால் டமால் என்று குத்திச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். லீவு முடிந்து வந்ததும் வேலை சுலபமாகப் போகும் என்று ஒரு கணக்கும் உள்ளே இருந்தது. சொன்னால் என்ன, பரிசும் எங்களுக்குத்தான் கிடைத்தது. அடுக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. பிளான்ட் மேனேஜர் கையால் வாங்கினேன்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்றைக்கு நான் போகவில்லை. தரை கழுவியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பேக்கிங்கில் இருந்த காவேரி. தர்மபுரிப் பக்கத்துப் பெண், நாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தாள், அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகப்போகிற லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. பேச்சு கொஞ்சம்தான். "அக்கா, முடிஞ்ச வரிசைல ஒரு பெட்டி அட்டை இல்லாம நிக்குது. லாரி வந்துருச்சு, கத்துறாங்க. பூஜை அட்டை இருக்குது, அதக் கட்டட்டுமா?" என்றாள். நான் இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். முடிந்த வரிசையில்தானே நிற்கிறது என்று தோன்றியது. "ஓகே, கட்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஓசூரிலிருந்து வந்தது சேதி. எங்கள் பின்னை வாங்கி பிரேக்கில் கோக்கிற கம்பெனி. சோதனை மேடையில் ஒரு பின் வளைந்துவிட்டது. அரம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், வெண்ணெய் மாதிரி மெத்து. அதே லோடில் ஆறு பெட்டி போயிருந்தது, ஆறையும் அவர்கள் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டார்கள். குங்குமம் ஒட்டிய அட்டையையும் அனுப்பியிருந்தார்கள். அதில் பளிச்சென்று பதினேழு.

கான்ஃபரன்ஸ் ரூமில் மீட்டிங். பிளான்ட் மேனேஜர், டெஸ்பாட்ச், நஞ்சுண்டப்பா, நான். கதவோரம் காவேரியை நிற்க வைத்திருந்தார்கள். அட்டையைக் கட்டியது யார் என்று கேட்டார் மேனேஜர். "நான்தான் சார்" என்றாள் அவள். யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "அட்டை இருந்துச்சு, கட்டிட்டேன்" என்றாள். போன் பண்ணியதைச் சொல்லவே இல்லை.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சீனியர் இன்ஸ்பெக்டர் பதவி எனக்கு வரவேண்டிய நேரம் அது. மேனேஜர் பேனாவை எடுத்தார். "சிம்பிள். காண்ட்ராக்ட் ஆபரேட்டரோட மிஸ்டேக், ஆளை எடுத்தாச்சுன்னு கஸ்டமருக்கு எழுதிடலாம். இன்னிக்கே செட்டில் பண்ணி அனுப்பிடுங்க. எல்லாருக்கும் ஓகே?" என்றார். டெஸ்பாட்ச் ஓகே என்றார். நானும் ஓகே என்றேன். என் காதுக்கே அது யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

நஞ்சுண்டப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"வசந்தம்மா, எஷ்டு ஓகே?"

பாவி மனுஷன். அந்தக் கேள்விக்கு எண்ணில்தான் பதில் சொல்லிப் பதின்மூன்று வருஷமாகப் பழக்கி வைத்திருந்தார். வாய் தானாகத் திறந்துவிட்டது. "இருபத்தஞ்சு அட்டைல பெட்டியப் பாக்காம சீல் போட்டேன் சார். பதினாலு மஞ்சள் அட்டைய நான்தான் வெட்டினேன். இந்தப் பெட்டிக்கு அவ எனக்குப் போன் பண்ணிக் கேட்டா. ஓகேன்னு சொன்னேன். கேட்டவ இந்தக் கம்பெனியிலயே அவ ஒருத்திதான் சார்."

மேனேஜர் பேனாவை மூடினார். உண்மையைக் கேட்டு நெகிழ்ந்துவிடவெல்லாம் இல்லை, கத்தினார். கிரைண்டிங் மோட்டார் சத்தத்துக்கு நிகராகக் கத்தினார். நஞ்சுண்டப்பா அதற்கு நடுவில், பூஜை அன்றைக்குப் பார்க்காமல் சீல் போடுகிற வழக்கத்தை வருஷா வருஷம் தானே நின்று கைதட்டிப் பார்த்ததாகவும், அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் தன் பெயரைத்தான் முதலில் எழுதப்போவதாகவும் கன்னடத்தில் சொன்னார். எழுதவும் செய்தார். என் சீலை ஆறு மாதத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். சீனியர் இன்ஸ்பெக்டர் பதவி, மைக்ரோமீட்டரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஒருவருக்குப் போனது. காவேரியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. பெர்மனென்ட் மட்டும் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் கம்பெனி வேனில் நாங்கள் மூன்று பேரும் ஓசூர் போனோம். நஞ்சுண்டப்பா முன்சீட்டில், நானும் காவேரியும் பின்னால். வழியில் அத்திபெலேயில் டீக்கு நிறுத்தினார்கள். டீயை வாங்கிக்கொண்டு, போன் விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நம்புவாங்களா அக்கா? நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா, வேலையும் போயி பொய்க்காரின்னும் ஆயிருக்கும். வேல மட்டும் போனாப் போவுதுன்னு நெனச்சேன்."

நான் இல்லையென்று சொல்லியிருப்பேனா என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

ஓசூரில் முற்றத்தில் ஒரு தகர ஷெட்டின் கீழ் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பெட்டிக்கு அறுநூறு, ஆறு பெட்டிக்கு மூவாயிரத்து அறுநூறு பின். ஒவ்வொன்றாக எடுத்து, நுனியில் அரத்தை வைத்து ஒரு இழு. கெட்டிப் பின்னில் அரம் பல் பிடிக்காமல் கண்ணாடியில் போவது போல வழுக்கிக்கொண்டு ஓடும். மெத்துப் பின் என்றால் 'கர்' என்று கடிக்கும், கையிலேயே தெரியும். வழுக்கினால் இடது தட்டு, கடித்தால் வலது தட்டு. அந்த ஊர் இன்ஸ்பெக்டர் அரை மணிக்கு ஒரு தரம் வந்து ஓகேவா, ஓகேவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று பேரும் நிமிரவே இல்லை. முதல் நாள் மாலைக்குள் என் கட்டைவிரலில் தோல் போய்விட்டது. காவேரி தன் முந்தானையில் ஒரு கீற்றுக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள், எனக்கும் ஒன்று கிழித்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் தொட்டி காலி. வலது தட்டை எண்ணினோம். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. சோதனையில் வளைந்தது ஒன்று. ஒன்று குறைகிறது.

அந்த ஒன்று எங்கே போயிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சோதனையில் ஒன்று வளைவதற்கு முன்னால் நாற்பது பிரேக்கில் பின் கோத்து முடித்திருந்தார்கள். போனால் போகிறது, ஒன்றுதானே, எண்ணியதில் தப்பியிருக்கும் என்றார் அவர்களுடைய இன்ஸ்பெக்டர். அவருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். நஞ்சுண்டப்பா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. காவேரிதான் எழுந்தாள். "அந்த நாப்பதையும் கொண்டாரச் சொல்லுங்க சார். அந்த ஒண்ணு எவன் வண்டிக்காவது போவும்" என்றாள். அவள் சொன்னது அப்போதுதான் என் தலையில் ஏறியது. அதுவரைக்கும் என் சீல், என் பதவி, இவள் வேலை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தன் வண்டியில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பான் என்பதை மூன்று நாளில் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கோத்த பிரேக்கில் பின்னின் நுனி மட்டும் வெளியே தெரியும். அரத்தைச் சாய்த்துத்தான் இழுக்க முடியும். முப்பத்துநாலாவதில் காவேரியின் கை நின்றது. இன்னொரு தடவை இழுத்தாள். 'கர்'.

"அறுநூறு" என்றாள். நஞ்சுண்டப்பா தலையை ஒரு பக்கம் ஆட்டினார்.

காவேரி அதற்கு அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆனாள். நஞ்சுண்டப்பாதான் மேனேஜர் அறைக்கு நடையாய் நடந்து அவளை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கேட்டு வாங்கினார். பூஜை சீல் வழக்கம் ஒழிந்தது. இப்போது ஆயுத பூஜையில் இன்ஸ்பெக்டர்கள் மைக்ரோமீட்டருக்குப் பொட்டு வைத்து ஒரு பின்னை அளந்து பார்ப்பதோடு சரி. எனக்கு அந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நல்ல கனமான டப்பா.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை, சால்வை எல்லாம் போட்டுப் பாராட்டிய பிறகு, கடைசிச் சடங்கு ஒன்று பாக்கி. சீலை ஒப்படைக்க வேண்டும். வேறு யாரும் அதை எடுத்துப் போட்டுவிடாதபடி, ஆளின் கண் முன்னாலேயே சீலின் முகத்தை அரத்தால் தேய்த்து அழித்துவிடுவார்கள். சீஃப் இன்ஸ்பெக்டர்தான் அதைச் செய்யவேண்டும். நஞ்சுண்டப்பாவின் இடத்தில் இப்போது சீஃப் இன்ஸ்பெக்டர் காவேரி.

அவள் அரத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒரு ஆசை. அழிக்கிறதுக்கு முன்னால் ஞாபகத்துக்கு ஒரு பச்சை அட்டை கொடு, கடைசியாக ஒரு சீல் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பாவம் கொடுங்கள் என்று சிரித்தார்கள். காவேரி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"எதப் பாத்துட்டு அக்கா சீல் போடப் போறீங்க?"

சால்வையைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். அவள் லைனிலிருந்து ஒரு பின் எடுத்து வந்து என் கையில் வைத்தாள். மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன். அவளுடைய அரத்தை வாங்கி நுனியில் இழுத்தேன். வழுக்கியது. அட்டையில் அளவு எழுதி, பார்த்தது வசந்தா என்று எழுதி, சீல் போட்டேன். அவள் அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம்தான் பதினேழை அழித்தாள்.

அந்தப் பின்னும் அட்டையும் எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. பன்னிரண்டு பாயின்ட் பூஜ்யம் ஒன்று.